சித்திரையில் மந்தமாகும் காவல் விளக்கு

வாசலில் சென்சார் லைட் மாட்டிய வீடுகளில் ஒரு குறை அடிக்கடி காதில் விழுகிறது. மார்கழி முழுக்கப் பூனை தாண்டினால்கூடப் பளிச்சென்று எரிந்த விளக்கு, சித்திரை பிறந்ததும் மந்தமாகிவிடுகிறது. கேட்டைத் திறந்துகொண்டு ஆள் படி வரைக்கும் வந்துவிடுகிறார். அதற்குப் பிறகுதான் எரிகிறது. சில நாள் அதுவும் இல்லை. இன்னொரு நாள், ஈ காக்கை இல்லாத நேரத்தில் தானாக எரிந்து தானாக அணைகிறது. 'சென்சார் போயிடுச்சு சார்' என்று எலக்ட்ரீஷியன் கழற்றிக்கொண்டு போகிறார். புதிதாக ஒன்று வருகிறது. அடுத்த சித்திரையில் அதுவும் அப்படியே.

பெரும்பாலான நேரம் கருவியில் பழுது எதுவும் இருப்பதில்லை. 'ஆள் வந்தால் எரியும்' என்று கடையில் சொல்லி விற்கிறார்கள்; நாமும் அதற்கு ஆளைத் தெரியும் என்று நம்பிவிடுகிறோம். அதற்கு ஆளைத் தெரியாது. தன் எதிரில் இருக்கும் இடத்திலிருந்து வரும் வெப்பக் கதிர் சட்டென்று கூடுகிறதா, குறைகிறதா என்று மட்டுமே தெரியும். எந்தச் சுவரில் பொருத்துவது, எவ்வளவு உயரத்தில், எந்தப் பக்கம் திருப்பி என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த ஒரு செய்தியில் இருக்கிறது.

சுவரும் கதிர் வீசுகிறது

1800-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் ஒரு சோதனை செய்தார். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த அதே ஹெர்ஷல்தான். சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியாகச் செலுத்தி நிறங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துச் சூட்டை அளந்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிப் போகப் போகச் சூடு ஏறியது. சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு எதுவுமே தெரியாத இருட்டில் வைத்தபோது இன்னும் ஏறியது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரைத்தான் அகச்சிவப்புக் கதிர் என்கிறோம்.

இந்தக் கதிரை வீசச் சூரியனாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் கை, வாசல் தூண், சிமென்ட் தரை, தெருநாய் எல்லாமே இரவும் பகலும் அதை வீசிக்கொண்டிருக்கின்றன. சூடு கூடினால் வீச்சும் கூடும். மனித உடலின் சூட்டில் வெளிவரும் கதிரின் அலைநீளம், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. சூரிய ஒளியின் அலைநீளத்தைப் போல இருபது மடங்கு. இந்த நீண்ட அலையைத்தான் காவல் விளக்கின் உணரி எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. உணரி என்று நான் சொல்வது விளக்கின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் அந்த வெள்ளைக் குமிழை. அது எந்தக் கதிரையும் வெளியே அனுப்புவதில்லை. வருவதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

சாம்பலை இழுத்த இலங்கைக் கல்

குமிழுக்குள் இருக்கும் பொருளின் கதை நமக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து டூர்மலின் என்னும் மணிக்கல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கல்லைத் தணலுக்குப் பக்கத்தில் வைத்தால் சாம்பல் துகள்கள் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு உதறித் தள்ளப்படும். 'சாம்பல் இழுப்பான்' என்றே டச்சுக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். இதற்குக் காரணம் மின்சாரம் என்று 1756-இல் ஏபினஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் காட்டினார். கல்லின் சூடு மாறும்போது அதன் ஒரு முனையில் நேர்மின்னும் மறுமுனையில் எதிர்மின்னும் தோன்றுகின்றன. இத்தகைய பொருளைச் சூட்டுமின் படிகம் என்று அழைப்போம்.

'சூடு மாறும்போது' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சூடாக இருந்தால் போதாது, சூடு மாற வேண்டும். மாறாமல் அப்படியே நின்றுவிட்டால் படிகம் பேச்சு மூச்சற்றுக் கிடக்கும். இரவில் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று பைக்குள் சாவியைத் தேடும்போது விளக்கு அணைந்துவிடுகிறதே, அதற்குக் காரணம் இதுதான். நீங்கள் அசையாமல் நிற்கிறீர்கள். படிகத்துக்கு வரும் கதிர் மாறவில்லை. அதன் கணக்கில் அங்கே யாரும் இல்லை. கையை வீசினால் மறுபடி எரிகிறது.

இன்றைய உணரிகளில் மணிக்கல் கிடையாது. அதே குணமுள்ள செயற்கைப் பீங்கான் துண்டுகள், அரிசிமணியை விடச் சிறியவை, ஓர் உலோகக் கிண்ணத்துக்குள் இருக்கின்றன.

துண்டு ஒன்றல்ல, இரண்டு

ஒரே ஒரு துண்டை வைத்திருந்தால் தொல்லைதான். மேகம் விலகினால் சூடு ஏறும், மழைக்காற்று வீசினால் இறங்கும். ஒவ்வொரு முறையும் விளக்கு எரியும். ஆகவே இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் மின்சாரம் மற்றதன் மின்சாரத்தை எதிர்க்கும்படி இணைத்திருக்கிறார்கள். தராசின் இரண்டு தட்டிலும் சம எடையை ஏற்றினால் முள் அசையாது. அதுபோல வாசல் முழுவதும் ஒன்றாகச் சூடேறினால் இரண்டு துண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஓர் ஆள் குறுக்கே நடந்தால் அவருடைய கதிர் முதலில் ஒரு துண்டின் மேல் விழுகிறது, அடுத்து மற்றதன் மேல். முள் ஒரு பக்கம் சாய்ந்து, உடனே மறுபக்கம் சாய்கிறது. இந்த இரட்டைச் சாய்வைக் கண்டதும் உள்ளிருக்கும் மின்சுற்று விளக்கைப் போடுகிறது.

கரண்ட் போய் வந்ததும் விளக்கு தானாக எரிவதையும் இங்கேயே சொல்லிவிடலாம். மின்சுற்று நிலைகொள்ள அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஆகும். அதுவரை அதன் பேச்சை நம்ப முடியாது. பழுது என்று எண்ண வேண்டாம்.

வெள்ளை மூடி எதற்கு?

உணரியின் மேல் இருக்கும் பால்வெள்ளை மூடியை வெறும் உறை என்று நினைத்து, பொங்கலுக்குச் சுவர் பூசும்போது அதன் மேலும் பெயிண்ட் அடித்துவிடுகிறவர்கள் உண்டு. அதோடு விளக்கின் பார்வை போய்விடும். அந்த மூடி ஒரு வில்லை. உற்றுப் பார்த்தால் சிறு சிறு கட்டங்களும் ஒவ்வொன்றிலும் நுண்ணிய வளையங்களும் தெரியும். கலங்கரை விளக்கங்களுக்காகப் பிரான்சு நாட்டு ஃபிரனெல் வடிவமைத்த வில்லையின் வாரிசு இது. கனமான கண்ணாடியின் நடுப்பகுதியை நீக்கி, வளைந்த மேற்பரப்பை மட்டும் வளையம் வளையமாக வைத்துக்கொள்வது அவருடைய உத்தி. 1823-இல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதலில் பொருத்தினார்கள்.

வாசல் விளக்கின் வில்லை கண்ணாடியால் ஆனதல்ல. உடல் வீசும் நீண்ட அலையைக் கண்ணாடி உள்ளே விடாது, பாலிதீன் விடும். மழைக்குப் பயந்து உணரியை ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் வேலை செய்யாததும் இதனால்தான்.

மூடியின் ஒவ்வொரு கட்டமும் வாசலின் ஒரு குறுகிய பட்டையிலிருந்து வரும் கதிரைத் திரட்டி, இரண்டு துண்டுகளின் மேல் குவிக்கிறது. ஆக, உணரியின் முன்னே இடம் முழுவதும் பட்டை பட்டையாகப் பிரிந்து கிடக்கிறது. நடுநடுவே அது எதையும் பார்க்காத சந்துகளும் உண்டு. பட்டைக்குள் நுழைவதும் வெளியேறுவதும்தான் அதற்குச் செய்தி.

ஒரு வீடு, இரண்டு இரவுகள்

மதுரையில் மேற்குப் பார்த்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கேட்டிலிருந்து வாசற்படி 6 மீட்டர். நடுவில் சிமென்ட் தரை. காவல் விளக்கைக் கதவுக்கு நேர் மேலே, கேட்டைப் பார்த்தபடி மாட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் பத்து வீட்டில் ஒன்பது வீடு இப்படித்தான் செய்யும்.

முதல் இரவு ஜனவரியில். மணி எட்டு. தரை 22 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கிறது. உள்ளே வருகிறவரின் முகமும் கைகளும் 32 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சூட்டில் ஒரு சதுர மீட்டர் தோல் வீசும் கதிர் ஏறத்தாழ 490 வாட். அதே பரப்புள்ள தரை வீசுவது 430 வாட். வித்தியாசம் 60 வாட். உணரிக்கு இது தாராளம்.

இரண்டாம் இரவு மே மாதத்தில். பகல் முழுக்க வெயிலைக் குடித்த சிமென்ட் தரை, எட்டு மணிக்கும் 34 டிகிரியில் இருக்கிறது. வருகிறவரின் தோலும் வேர்த்து 35 டிகிரிக்கு ஏறியிருக்கிறது. தோல் வீசுவது 510 வாட், தரை வீசுவது 504. வித்தியாசம் 6 வாட்தான். ஜனவரியில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு. ஆள் அதே ஆள், நடை அதே நடை. உணரிக்கு அவர் ஏறக்குறைய மறைந்துவிட்டார். தரையும் தோலும் ஒரே சூட்டில் இருந்தால் முழுக்கவே மறைந்துபோவார்.

விந்தை என்னவென்றால், தரை 40 டிகிரியாக இருந்தால் அவர் மறுபடி தெரிவார், குளிர்ந்த திட்டாக. கூடுவதானாலும் குறைவதானாலும் வித்தியாசம் வித்தியாசம்தான். அதனால் சித்திரை வெயில் தணிந்து தரையின் சூடு உடம்புச் சூட்டைக் கடந்து இறங்கும் அந்தச் சில மணி நேரம்தான் இந்தக் கருவிக்கு மிக மோசமான நேரம். விடியற்காலையில் தரை குளிர்ந்ததும் பார்வை தெளிந்துவிடும். 'ராத்திரி எரியல, காலைல நாலு மணிக்குப் பால்காரர் வந்தா எரியுதே' என்ற குழப்பம் இப்படி வருவதுதான்.

விளக்கின் பெட்டியில் 'எட்டும் தூரம் 12 மீட்டர்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். பல பெட்டிகளில் பக்கத்திலேயே பொடி எழுத்தில் '24 டிகிரிக்குக் கீழ்' என்றும் இருக்கும். அந்தப் பொடி எழுத்தை வாங்கும்போதே படித்துவிட வேண்டும். இரவு எட்டு மணிக்கு 24 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்கள் மதுரைக்கு ஆண்டில் எத்தனை வாய்க்கும்?

வெப்பத்தை நாம் மாற்ற முடியாது. நடக்கும் திசையை விளக்குக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். கதவுக்கு மேலே மாட்டியதில் உள்ள பெரிய பிழை அங்கேதான். உணரி 120 டிகிரி அகலத்தைப் பார்க்கிறது, அதில் 12 பட்டைகள் இருக்கின்றன என்று கொள்வோம். ஒவ்வொன்றும் 10 டிகிரி. 6 மீட்டர் தூரத்தில் ஒரு பட்டையின் அகலம் 1 மீட்டர். கேட்டிலிருந்து கதவை நோக்கி நேராக வருகிறவர் தொடக்கம் முதல் ஒரே பட்டைக்குள்ளேயே நடந்து வருகிறார். எதையும் கடக்கவில்லை. கீழ்நோக்கிப் பார்க்கும் அடுத்த வரிசைப் பட்டைகளுக்குள் கால் வைக்கும்போதுதான் முள் அசைகிறது. அதற்குள் அவர் படிக்கு வந்துவிட்டார்.

இப்போது அதே விளக்கைப் பக்கவாட்டுக் காம்பவுண்டு சுவரில், நடைபாதையின் நடுவுக்கு நேராக, 4 மீட்டர் தள்ளிப் பொருத்துங்கள். கேட்டிலிருந்து படி வரையிலான 6 மீட்டர் பாதை அங்கிருந்து பார்த்தால் 74 டிகிரி விரிகிறது. வருகிறவர் 7 பட்டைகளைக் குறுக்கே தாண்டியாக வேண்டும். கேட்டைத் தாண்டி இரண்டடி வைப்பதற்குள் முதல் பட்டை. தூரமும் 6 மீட்டருக்குப் பதில் 4 முதல் 5 மீட்டர்தான் என்பதால் அவருடைய உருவம் பட்டையின் பெரும்பகுதியை நிறைக்கிறது. மே மாதத்து 6 வாட் வித்தியாசமும் அப்போது ஓரளவு எடுபடும். கருவியை மாற்றாமல், காசு அதிகம் செலவில்லாமல், நான்கு மீட்டர் ஒயரில் கிடைக்கும் ஆதாயம் இது.

பொருத்தும்போது

உயரம் 2 முதல் 2.5 மீட்டர். அதற்கு மேல் போனால் பட்டைகள் ஆளின் தலைக்கு மேலாகப் போய்விடும்; கீழே இருந்தால் யாரும் கை நீட்டித் திருப்பிவிடலாம். முகத்தைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும்.

ஏசியின் வெளி யூனிட், சமையலறைப் புகைபோக்கி, வந்து நிறுத்திய மோட்டார் சைக்கிளின் சூடான எஞ்சின் ஆகியவை உணரியின் பார்வையில் படக் கூடாது. ஆளில்லாமல் எரியும் விளக்குகளில் பாதிக்கு மேல் இந்த வகை வெப்பக் காற்றுக்கு எரிகின்றன என்பது என் எண்ணம். சூடேறிய சுவருக்கு முன்னால் ஆடும் வாழையிலையும் போதும்; இலை மறைக்கும்போது ஒரு சூடு, விலகும்போது வேறு சூடு. பல்லி குளிர்ந்த உடம்புக்காரன், தூரத்தில் இருந்தால் கவலையில்லை. விளக்குக்கு வரும் பூச்சியைத் தேடி வில்லையின் மேலேயே ஊரும்போதுதான் அது பட்டைகளை மறைத்துத் திறந்து வேடிக்கை காட்டுகிறது. நீல வெண்மையான விளக்கைவிட மஞ்சள் சாயலுள்ள விளக்குக்குப் பூச்சி குறைவாக வரும், பல்லியும் குறையும்.

தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் எரிந்தால், தெருவைப் பார்க்கும் கட்டங்களின் மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிடுங்கள். அந்தப் பட்டைகள் மட்டும் மூடிக்கொள்ளும்.

மைக்ரோவேவ் உணரி என்று இன்னொரு வகையும் கடையில் உண்டு. அது தானே நுண்ணலையை அனுப்பி, அசையும் பொருளில் பட்டுத் திரும்புவதைக் கவனிக்கிறது. தரையின் சூடு அதைப் பாதிக்காது. ஆனால் மரக்கதவையும் மெல்லிய சுவரையும் ஊடுருவிப் பார்க்கும். விசாலமான தோட்டத்து வீட்டுக்கு நல்லது. தெருவை ஒட்டிய வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் போகும் ஒவ்வொரு சைக்கிளுக்கும் எரியும்.

விளக்கின் அடியில் இருக்கும் திருகுகளில் ஒன்று எரியும் நேரத்துக்கு, ஒன்று எவ்வளவு இருட்டிய பின் வேலை தொடங்க வேண்டும் என்பதற்கு. இரண்டாவதைத் தெருவிளக்கு வெளிச்சம் குழப்பிவிடும். உணரி அதைப் பகல் என்று எண்ணிக்கொண்டு இரவெல்லாம் சும்மா இருக்கும். தெருவிளக்கு எரியும் நேரத்தில் நின்று அந்தத் திருகைச் சரிசெய்ய வேண்டும்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

50 வாட், 100 வாட் ஃப்ளட் லைட்டை வாசலில் மாட்டுவது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 10 வாட் எல்இடி விளக்கு ஏறத்தாழ 900 லூமன் ஒளி தரும். அது 30 சதுர மீட்டர் முற்றத்தில் விழுகிறது. பாதி வீணாகிறது என்று கொண்டாலும் தரையில் 15 லக்ஸ் கிடைக்கும். முழுநிலவு தருவது கால் லக்ஸ். அறுபது நிலவு வெளிச்சத்தில் ஆள் முகம் நன்றாகத் தெரியும்.

அதற்கு மேல் ஏற்றினால் கெடுதல் தொடங்குகிறது. கண்ணுக்கு நேராக வலுவான ஒளி வந்தால் பாவை சுருங்கிவிடும். ஒளிவட்டத்துக்கு வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். இருட்டுக்குக் கண் மறுபடி முழுதாகப் பழக அரை மணி நேரம் பிடிக்கும். வயதானவர்களுக்கு இந்தக் கூச்சம் இன்னும் கடுமை. கண்காணிப்புக் கேமரா இருந்தால் அதன் படமும் வெளுத்துப்போகும். ஒளி தரையில் விழ வேண்டும், எதிர்வீட்டுப் படுக்கையறையில் விழக் கூடாது.

சென்னைக் கடற்கரையோரம் வீடு வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேண்டுகோள். ஆண்டின் தொடக்க மாதங்களில் அந்த மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் பொரித்ததும் கடல்பக்கத்து மெல்லிய வெளிச்சத்தை நம்பி ஓடும். கரையில் விளக்கு எரிந்தால் அதை நோக்கித் திரும்பி, சாலையில் ஏறி மடிகின்றன. கடலைப் பார்த்த விளக்கை அந்த மாதங்களில் அணைத்துவிடுங்கள்.

மின்கட்டணத்துக்காகச் சென்சார் வாங்குகிறேன் என்றால், பழைய காலத்தில் அது சரி. 300 வாட் ஹாலஜன் இரவு 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 108 யூனிட். 10 வாட் எல்இடிக்கு மாதம் 3.6 யூனிட்தான். இன்று சென்சாரின் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. இரவெல்லாம் எரியும் விளக்கை யாரும் கவனிப்பதில்லை. இருட்டில் திடீரென்று எரியும் விளக்கு வீட்டுக்காரரையும் அக்கம்பக்கத்தாரையும் தலை தூக்கிப் பார்க்க வைக்கும்.

கம்பி வேலை

வெளியில் மாட்டும் விளக்கில் ஐபி65 என்ற குறி இருக்க வேண்டும். முதல் எண் 6, தூசு துளியும் உள்ளே போகாது என்பதற்கு; இரண்டாவது எண் 5, எந்தப் பக்கமிருந்தும் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு. விளக்கு தாங்கினாலும் ஒயர் நுழையும் துளை பலவீனமான இடம். ஒயரை நேராக மேலிருந்து இறக்காமல், துளைக்குக் கீழே ஒரு வளைவு விட்டு மேல்நோக்கி ஏற்றினால் மழைநீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே வழியாது.

உணரி வேலை செய்ய அதற்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். ஆகவே ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் உணரிக்கு வரும். அதிலிருந்து இன்னொரு ஒயர் விளக்குக்குப் போகும். உலோக உடல் கொண்ட விளக்கு என்றால் எர்த்தும் கட்டாயம். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது.

சின்ன விளக்குதானே என்று எண்ண வேண்டாம். 230 வோல்ட்டில் 10 வாட் விளக்கு எடுக்கும் மின்னோட்டம் 43 மில்லி ஆம்பியர். அந்த அளவு மின்சாரம் சில நொடி நெஞ்சின் குறுக்கே பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. 6 ஆம்பியர் எம்சிபி அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. தன் அளவைத் தாண்டினால்தான் விழும். ஆர்சிசிபி என்ற சாதனம் ஃபேஸில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்புவதையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கிறது. மழையில் நனையும் சுவரில் மின்விளக்கு மாட்டும் வீட்டில் இது இருந்தே தீர வேண்டும். உங்கள் வீட்டு மெயின் போர்டில் இல்லையென்றால், முதலில் அதைப் போட்டுவிட்டு அப்புறம் விளக்கு வாங்குங்கள்.